மூட்டையைப் பிரிப்பது யார்?

பாட்டு வீட்டையே அதிர வைக்கிறது. சண்டைக் காட்சியில் ஜன்னல் கண்ணாடி நடுங்குகிறது. கதாநாயகி வாயைத் திறந்தால் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கிறது; சில படங்களில் அதுவும் இல்லை, உதடு அசைவதோடு சரி. டிவிடி பிளேயர்கள் விலை இறங்கி நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்த காலத்தில் தமிழ்நாட்டின் பல கூடங்களில் நடந்த கூத்து இது. கடைக்காரரைக் கேட்டால் டிஸ்க் சரியில்லை என்பார். வேறு டிஸ்க் போட்டாலும் அதே கதை. வயரை மாற்றுவார்கள், ஸ்பீக்கரை மாற்றுவார்கள், கடைசியில் பிளேயரையே மாற்றிவிட்டு வேறு கம்பெனியை நம்புவார்கள்.

கோளாறு எந்தப் பொருளிலும் இல்லை. பிளேயரின் முதுகில் ஆறு ஆர்சிஏ துளைகள்: முன் இடது, முன் வலது, நடு, பின் இரண்டு, சப்வூஃபர். வீட்டில் இருந்ததோ பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரும் இரண்டு பெட்டிகளும். சிவப்பு, வெள்ளை என்று முதல் இரண்டு துளைகளில் மட்டும் வயர் செருகினார்கள். 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு சேனலில்தான் இருக்கும். அந்தத் துளையில் வயரே இல்லை. பிளேயர் தன் பங்குக்கு ஒழுங்காக வசனத்தை அங்கே அனுப்பிக்கொண்டே இருந்தது, வாங்குவார் இல்லாமல். ரிமோட்டில் 'செட்டப்' பட்டனை அழுத்தி, 'டவுன்மிக்ஸ்' என்ற வரிக்குப் போய், '5.1' என்பதை 'ஸ்டீரியோ' என்று மாற்றினால் தீர்ந்தது. நடு சேனலின் ஒலி 3 டெசிபல் குறைக்கப்பட்டு இடத்துக்கும் வலத்துக்கும் சமமாகப் பகிரப்படும். கதாநாயகி பேசத் தொடங்குவாள்.

அந்த மெனுவை யாரும் திறப்பதில்லை. திறந்தவர்களும் 'ரா', 'பிசிஎம்', 'பிட்ஸ்ட்ரீம்', '48கே', '96கே' என்ற சொற்களைக் கண்டு மிரண்டு மூடிவிடுவார்கள். துணிந்தவர்கள் இன்னொரு தவறு செய்வார்கள். இருப்பதிலேயே பெரிய எண்ணையும் பெரிய பெயரையும் தேர்ந்தெடுப்பார்கள், காசு கொடுத்து வாங்கியதில் உயர்ந்ததையே அனுபவிக்க வேண்டும் என்ற நியாயமான ஆசையில். டிஜிட்டல் ஒலி அமைப்புகளைத் தர வரிசையாகப் படிப்பதுதான் இத்தனை குழப்பத்துக்கும் வேர். அந்தப் பட்டியலில் மேலே இருப்பது உசத்தி, கீழே இருப்பது மட்டம் என்றில்லை. யார் எந்த வேலையைச் செய்வது என்ற பங்கீடுதான் அங்கே எழுதப்பட்டிருக்கிறது.

மெனுவில் மிரட்டும் எண்களின் கதை 'டெக்'கில் தொடங்குகிறது. 'டெக்' என்ற சொல்லுக்குத் தமிழில் ஒரு சரித்திரம் உண்டு. எண்பதுகளில் 'டெக் எடுப்பது' என்றால் வீடியோ கேசட் பிளேயரை ஒரு நாள் வாடகைக்குக் கொண்டுவந்து, தெருவையே கூட்டிவைத்து விடிய விடிய மூன்று படம் ஓட்டுவது. அதே வீடியோ டெக்தான் டிஜிட்டல் இசையின் அடிப்படை எண்ணையும் தீர்மானித்தது என்பது வேடிக்கையான உண்மை. சிடி வருவதற்கு முன் ஒலியை எண்களாகப் பதிந்து வைக்கப் போதிய கொள்ளளவோடு கைக்கெட்டிய நாடா பெரும்பாலும் வீடியோ நாடாதான். எண்களைக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக்கி, படம்போல் பாவனை செய்து அதில் பதிந்தார்கள். ஒரு வரிக்கு 3 மாதிரிகள், பயன்படும் வரிகள் 245, நொடிக்கு 60 புலங்கள், பெருக்கினால் 44,100. ஐரோப்பிய முறையில் 294 வரி, 50 புலம். அதே 44,100 வரும். 1982 அக்டோபரில் ஜப்பானில் சோனியின் முதல் சிடி பிளேயர் விற்பனைக்கு வந்தபோது அந்த எண் வட்டுக்குள் நிலைத்துவிட்டது. பின்னால் வந்த டிவிடி, தொழில்முறை வீடியோ உலகம் பழகிய 48,000ஐ எடுத்துக்கொண்டது. ஒலி மெனுக்களில் இன்றும் 44.1, 48 என்று இரண்டு குடும்பங்கள் தனித்தனிக் குடித்தனம் நடத்துவதன் பின்னணி இதுதான்.

ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு இந்த எண்களை அப்படியே கொண்டுபோக சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து வகுத்த வழி எஸ்பிடிஐஎஃப். இரண்டு கம்பெனிகளின் முதலெழுத்தும் அந்தப் பெயருக்குள் இருக்கின்றன. செம்பு வயரில் போனால் கோஆக்சியல்; ஒளியாகப் போனால் 1983இல் தோஷிபா கொண்டுவந்த டாஸ்லிங்க், நம் ஊர்ப் பேச்சில் ஆப்டிக்கல். இரண்டும் ஒரே சரக்கைத்தான் சுமக்கின்றன. இரண்டு சேனல், 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் என்று கணக்கிட்டால் நொடிக்கு 1,536 கிலோபிட். இந்தக் குழாய் ஸ்டீரியோவுக்கென்றே அளவெடுத்துச் செய்யப்பட்டது.

பிறகு சினிமா வந்து அந்தக் குழாயை முட்டியது. 1992இல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' டால்பி டிஜிட்டலோடு வந்தது. ஃபிலிம் சுருளின் ஓரத் துளைகளுக்கு இடையிலிருந்த வெற்றிடத்தில் ஒலியின் எண்களை அச்சடித்திருந்தார்கள். மறு ஆண்டு 'ஜுராசிக் பார்க்' டிடிஎஸ் என்ற போட்டி முறையைக் கொண்டுவந்தது. அதில் ஒலி தனி சிடி-ராம் வட்டுகளில் இருக்கும், ஃபிலிமில் நேரக் குறியீடு மட்டும் ஓடும். வீட்டுக்கு வந்தபோது இந்த ஆறு சேனல் ஒலியை எப்படி இரண்டு சேனல் குழாயில் விடுவது? ஆறு சேனலைச் சுருக்காமல் அனுப்ப 16 பிட்டிலேயே நொடிக்கு 4,608 கிலோபிட் வேண்டும். டால்பி அதை டிவிடியில் அதிகபட்சம் 448 கிலோபிட்டாகச் சுருக்கிக் கட்டியது. டிடிஎஸ் தாராளமாக 1,509 வரை எடுத்துக்கொண்டது. 1,536 கொள்ளும் குழாயில் அது எவ்வளவு இறுக்கமாகப் பொருந்துகிறது என்று பார்த்தாலே கணக்கு போட்டவர்களின் கெட்டிக்காரத்தனம் புரியும்.

ஆக, ஒரே வயரில் இப்போது இரண்டு வகைச் சரக்கு. ஒன்று பிரித்துக் கொட்டிய நெல், பிசிஎம். வாங்குபவர் அப்படியே அளந்துகொள்ளலாம். இன்னொன்று தைத்து முத்திரை போட்ட மூட்டை, பிட்ஸ்ட்ரீம். பிரிக்கத் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். மெனுவிலிருக்கும் கேள்வி இவ்வளவுதான்: மூட்டையைப் பிரிப்பது பிளேயரா, ஸ்பீக்கர்களை ஓட்டும் ரிசீவரா?

சீனத்திலிருந்து வந்து நம் சந்தையை நிறைத்த டிவிடி பிளேயர்கள் பலவற்றில் இந்தக் கேள்வி 'எஸ்பிடிஐஎஃப்/ஆஃப், எஸ்பிடிஐஎஃப்/ரா, எஸ்பிடிஐஎஃப்/பிசிஎம்' என்று மூன்று வரியாக இருக்கும். 'ரா' என்றால் பச்சை, அதாவது பிரிக்காத மூட்டை. ஜப்பான் பிளேயர்களில் டால்பிக்கு ஒரு வரி, டிடிஎஸ்ஸுக்குத் தனியாக 'ஆன், ஆஃப்' என்று ஒரு வரி. டிடிஎஸ்ஸை ஏன் தனியே பிரித்தார்கள், பல பிளேயர்களில் ஏன் 'ஆஃப்' நிலையிலேயே விற்றார்கள் என்று பலர் எரிச்சல்பட்டதுண்டு. காரணம் இருக்கிறது. பிரிக்கத் தெரியாத கருவியிடம் மூட்டையைக் கொடுத்தால், அது மூட்டையையே நெல் என்று நினைத்து அரைக்கத் தொடங்கும். கேட்பது இசை அல்ல. முழு வால்யூமில் அருவி கொட்டுவதுபோன்ற இரைச்சல். ஆம்ப் திறந்திருந்தால் ட்வீட்டர் கருகிப்போகக்கூட இடமுண்டு. வயரில் போகும் தகவலோடு 'இது பிசிஎம் அல்ல' என்று சொல்லும் ஒரு பிட் கூடவே பயணிக்கிறது. நல்ல ரிசீவர் அதைப் படித்து ஒதுங்கிக்கொள்ளும். டிடிஎஸ் இசை சிடிக்களில் அந்த எச்சரிக்கையும் கிடையாது. சாதாரண சிடி பிளேயர் அவற்றை வழக்கமான இசை வட்டு என்று நம்பித்தான் வாசிக்கும். அதன் அனலாக் துளையில் கேட்டால் சீறல்தான் வரும்.

சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் போர்டுகளை வைத்துக் கட்டிய 'அசெம்பிள்ட்' ஹோம் தியேட்டர்கள் இந்த வரலாற்றில் தனி அத்தியாயம். பல செட்டுகளில் டிஜிட்டல் உள்ளீடே கிடையாது. ஆறு ஆர்சிஏ துளை அல்லது ஒரு புரோலாஜிக் போர்டு, அவ்வளவுதான். முதல் வகைக்கு மூட்டையைப் பிளேயரே பிரித்து ஆறு வயரில் அனலாகாகக் கொடுக்க வேண்டும். அப்போது டவுன்மிக்ஸ் '5.1' என்றிருக்க வேண்டும், எஸ்பிடிஐஎஃப் வரியில் என்ன இருந்தாலும் பொருட்டில்லை. இரண்டாம் வகைக்கு இரண்டே வயர். ஆனால் பின் ஸ்பீக்கரின் ஒலியைக் கட்டம் மாற்றி இடவலத்துக்குள் ஒளித்து அனுப்பினால் புரோலாஜிக் போர்டு அதைத் தோண்டி எடுத்துக்கொள்ளும். மெனுவில் 'எல்டி/ஆர்டி' என்று புரியாத எழுத்துகளில் இருப்பது இந்த ஏற்பாடுதான். 'ஸ்டீரியோ' என்றால் ஒளித்துவைக்காமல் கலந்துவிடும். ஹெட்போனில் கேட்பவருக்கு 'ஸ்டீரியோ', போர்டு வைத்தவருக்கு 'எல்டி/ஆர்டி'. டால்பியின் கலவை முறையில் சப்வூஃபருக்கென்று தனியாக வைத்த '.1' சேனல் பொதுவாக விடப்படும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், இரண்டு பெட்டி வீட்டில் குண்டு வெடிப்பு ஏன் கொஞ்சம் சோகையாக இருக்கிறது என்பதற்கும் விடை கிடைக்கும்.

அதே மெனுவில் 'டூயல் மோனோ' என்று ஒரு வரி இருக்கும்: ஸ்டீரியோ, இடது, வலது, கலவை. கரோக்கி விசிடிக்களில் ஒரு பக்கம் பாடகர் குரலோடும் மறுபக்கம் வெறும் இசையோடும் பதிந்திருப்பார்கள். அந்த வட்டைப் போட்டுவிட்டு ஒரு ஸ்பீக்கர் பாடுகிறது, இன்னொன்று பாடவில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிட்ட குடும்பங்கள் உண்டு.

வயரைப் பற்றிக் கொஞ்சம். ஆப்டிக்கல் வயரின் முனையைக் கையில் எடுத்துப் பார்த்தால் விரல் நுனி அளவு கறுப்புப் பிளாஸ்டிக் சதுரம்; அதன் இரண்டு மூலைகள் மட்டும் சீவப்பட்டிருக்கும், தலைகீழாகச் செருகாமலிருக்க. நடுவில் துருத்தும் மூக்கின்மேல் கண்ணுக்கே தெரியாத ஒரு தெளிந்த பிளாஸ்டிக் தொப்பி. தூசி அடையாமலிருக்கக் கம்பெனி மாட்டி அனுப்பும் தொப்பி அது. அதைக் கழற்றாமல் செருகிவிட்டு, ஆறு மாதம் ஓடாத ஹோம் தியேட்டரை வைத்திருந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கழற்றிவிட்டு ஒரு முனையைப் பிளேயரில் செருகினால் மறுமுனையில் 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள இழையில் சிவப்பு வெளிச்சம் தெரியும். வெளிச்சம் வந்தால் பிளேயர் பக்கம் வேலை செய்கிறது என்று பொருள். இந்தச் சோதனைக்கு மீட்டர் வேண்டாம், மெக்கானிக் வேண்டாம். தங்க முலாம் பூசிய டிஜிட்டல் வயர்களுக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர்களிடம் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு: எண்கள் ஒன்று முழுதாகப் போய்ச் சேரும், அல்லது வெட்டு விழுந்து சத்தம் விட்டு விட்டு வரும். 'குரல் சற்று இனிமையானது' என்ற நடு நிலை வயருக்குள் இல்லை.

குழாயின் கொள்ளளவு போதாமல் போனது 2006இல். ப்ளூரே வந்தது; கூடவே சேதமில்லாமல் சுருக்கும் டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ. ட்ரூஎச்டி ப்ளூரேயில் நொடிக்கு 18 மெகாபிட் வரை கேட்கும். ஆப்டிக்கல் வயரால் அதைச் சுமக்கவே முடியாது. அதில் போவது உள்ளே இருக்கும் பழைய டால்பி பிரதிதான். வேலையை எச்டிஎம்ஐ எடுத்துக்கொண்டது. அதன் 1.3 பதிப்பிலிருந்து புதிய மூட்டைகளைப் பிரிக்காமலே அனுப்பலாம். முதல் பதிப்பிலிருந்தே எட்டு சேனல் பிசிஎம் போகும்.

இங்கேதான் அந்தப் பழைய கேள்விக்குப் பெரிய பரீட்சை வந்தது. முதலில் வந்த பருத்த பிளேஸ்டேஷன் 3 ட்ரூஎச்டி மூட்டையை வெளியே அனுப்பாது. தானே பிரித்து பிசிஎம்மாகத்தான் கொடுக்கும். ரிசீவரின் முகப்பில் 'ட்ரூஎச்டி' என்று எரிய வேண்டிய எழுத்து எரியாமல் 'மல்டி சேனல் பிசிஎம்' என்று காட்டியது. காசு போட்டு ரிசீவர் வாங்கியவர்கள் கொதித்தார்கள். 2009இல் வந்த மெலிந்த மாடல் மூட்டையாகவே அனுப்பியது; எழுத்து எரிந்தது; மனசு ஆறியது. ஒலியில் மாறியது என்ன? சேதமில்லாத சுருக்கம் என்றால் எங்கே பிரித்தாலும் அதே எண்கள்தான் வெளிவர வேண்டும். கூடத்தில் பிரித்தாலும் கொல்லையில் பிரித்தாலும் மூட்டைக்குள் இருப்பது ஒரே நெல். எரியும் எழுத்து ஒரு ஆறுதல், அவ்வளவே.

சொல்லப்போனால் உள்ளேயே பிரிப்பதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. மூட்டை தைத்துவிட்டால் அதற்குள் இன்னொரு பிடி நெல் போட முடியாது. ப்ளூரேயில் இயக்குநர் பேசும் துணை ஒலி, மெனுவில் நகரும்போது வரும் 'டிக்' சத்தம் ஆகியவற்றைப் படத்தின் ஒலியோடு கலக்க வேண்டுமானால் பிளேயர் பிரித்தே ஆக வேண்டும். சோனி பிளேயர்களில் 'பிடி ஆடியோ மிக்ஸ்' என்றும் வேறு சிலவற்றில் 'செகண்டரி ஆடியோ' என்றும் ஒரு வரி இருக்கும். அதை 'ஆன்' செய்து வைத்துவிட்டு பிட்ஸ்ட்ரீமும் தேர்ந்தெடுத்தால், பிளேயர் பிரித்து, கலந்து, பழைய டால்பியாகவோ டிடிஎஸ்ஸாகவோ மறுபடி கட்டி அனுப்பும். உயர்ந்த ஒலிக்காக ப்ளூரே வாங்கியவர் பயன்படுத்தாத ஒரு வசதிக்காக அதை இழந்துகொண்டிருப்பார், தெரியாமலே. இந்த மெனுக்களிலேயே மோசமான ஒளிவிடம் இது. கம்பெனிகள் ஒரு வரி விளக்கம் எழுதியிருக்கலாம். ஆப்பிள் டிவி 4கே பெட்டி இந்தச் சிக்கலை வேறு விதமாக முடித்தது: இயல்பு நிலையில் எல்லாவற்றையும் தானே பிரித்து பிசிஎம்மாகவே அனுப்புகிறது, தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் அட்மாஸைக்கூட டால்பியின் 'மேட்' என்ற உறையில் பிசிஎம்மோடு சேர்த்து அனுப்புகிறது.

அட்மாஸ் 2012இல் 'பிரேவ்' படத்தோடு தொடங்கியது; அதே ஆண்டு டிசம்பரில் 'சிவாஜி'யின் 3டி வடிவம் சென்னையில் அட்மாஸோடு திரையேறியது. வீட்டுக்கு அது இரண்டு உருவில் வருகிறது. ப்ளூரேயில் ட்ரூஎச்டி மூட்டைக்குள்; ஓடிடியில் டால்பி டிஜிட்டல் ப்ளஸ் என்ற சின்ன மூட்டைக்குள். இந்த வித்தியாசம் தெரியாமல்தான் இன்றைய சவுண்ட்பார் வீடுகளில் பாதிச் சண்டை நடக்கிறது.

ஏனென்றால் இப்போது நடுவில் டிவி வந்து உட்கார்ந்துவிட்டது. பிளேயரும் செட்டாப் பாக்ஸும் டிவியில் செருகப்படுகின்றன. டிவியிலிருந்து ஒரே வயர் சவுண்ட்பாருக்குப் போகிறது. எச்டிஎம்ஐ 1.4 பதிப்பில் 2009இல் வந்த ஏஆர்சி வசதி, படம் வரும் வயரிலேயே ஒலியை எதிர்த்திசையில் திருப்பி அனுப்புகிறது. பெயர் புதிதே தவிர ஓடுவது எஸ்பிடிஐஎஃப்பின் வம்சம்தான்: பிசிஎம் என்றால் இரண்டு சேனல், அதற்குமேல் வேண்டுமானால் மூட்டை. ஓடிடியின் சின்ன மூட்டை அட்மாஸ் அதில் போகும். ப்ளூரேயின் பெரிய மூட்டை போகாது. அதற்கு 2017இல் அறிவிக்கப்பட்ட எச்டிஎம்ஐ 2.1இன் இஏஆர்சி வேண்டும், டிவி, பார் இரண்டிலும்.

ஊரில் இருக்கும் அப்பாவுக்கு சென்னையிலிருந்து மகள் போனில் வழிகாட்டும் காட்சி இப்போது பழகிப்போன ஒன்று. "அப்பா, டிவி பின்னாடி நாலு எச்டிஎம்ஐ இருக்கா? அதுல ஏஆர்சின்னு எழுதியிருக்கிறதுல போட்டீங்களா?" "மூணாவதுல போட்டிருக்கேம்மா. எழுத்து தெரியல, செவுத்தோட ஒட்டியிருக்கு." டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டாவதுதான் ஏஆர்சி. மாற்றிப் போட்டும் சத்தமில்லை. அமைப்புகளில், ஒரு கருவி இன்னொன்றை இயக்க உதவும் சிஇசி என்ற வரி 'ஆஃப்' நிலையில் இருக்கிறது. ரிமோட் தொல்லை தருகிறது என்று தம்பி அணைத்துவைத்தது. ஏஆர்சி கைகுலுக்குவதே சிஇசி வழியாகத்தான். அதையும் திறந்து, 'டிஜிட்டல் அவுட்புட்' வரியில் பிசிஎம்மை 'ஆட்டோ' என்று மாற்றியபின் பாரின் விளக்கு நிறம் மாறுகிறது.

'ஆட்டோ' பெரும்பாலும் நல்ல தேர்வுதான். எச்டிஎம்ஐயில் வாங்கும் கருவி தனக்கு என்னென்ன பிரிக்கத் தெரியும் என்று ஒரு பட்டியலை அனுப்பும் கருவிக்குக் கொடுக்கும். அனுப்புவது அதற்கேற்ப நடந்துகொள்ளும். நடுவில் டிவி இருக்கும்போதுதான் வில்லங்கம்: அது சவுண்ட்பாரின் திறமையைச் சொல்லாமல் தன் திறமையை மட்டும் சொல்லிவிடுவதுண்டு. 'எனக்கு இரண்டு சேனல்தான்' என்று டிவி சொன்னால் பிளேயர் ஸ்டீரியோவையே அனுப்பும். ஒன்பது ஸ்பீக்கர் வைத்த பார் ஸ்டீரியோவையே வாசிக்கும். பிளேயரை நேரே பாரில் செருகி, பாரிலிருந்து படத்தை டிவிக்கு எடுத்தால் இந்தத் தரகர் தொல்லை இல்லை.

டிடிஎஸ்ஸின் கதி இன்னும் பரிதாபம். சாம்சங் 2018 முதல் தன் டிவிகளில் டிடிஎஸ் பிரிக்கும் வசதியைக் கைவிட்டது. எல்ஜி 2020இல் விட்டு, 2023இல் சில மாடல்களில் திரும்பக் கொண்டுவந்தது. பென்டிரைவில் படம் போட்டால் காட்சி ஓடுகிறது, 'இந்த ஒலி வடிவம் ஆதரிக்கப்படவில்லை' என்று மூலையில் ஒரு வரி வருகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுவே. மெனுவில் எதை மாற்றினாலும் பிரிக்கத் தெரியாத டிவி பிரிக்காது. கணினியில் ஒலியை மட்டும் வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், அல்லது பிரிக்கத் தெரிந்த பெட்டி ஒன்றைச் செருகலாம்.

அடுத்தது எண்களின் மோகம். டிவிடி பிளேயர்களில் '48கே/96கே' என்று ஒரு தேர்வு இருந்ததற்குப் பின்னணி, அக்காலத்து ரிசீவர்கள் பல 48க்கு மேல் வாங்காது என்பதே. 96 என்று வைத்தால் சில வட்டுகளில் சத்தமே வராது. சூப்பர் ஆடியோ சிடியின் உயர்தர அடுக்கோ ஆப்டிக்கல் துளை வழியே வரவே வராது. பிரதி எடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் கம்பெனிகள் போட்ட பூட்டு அது. இப்போது போனிலும் கணினியிலும் 192 வரை எண்கள் கிடக்கின்றன. ஏற்றினால் காதுக்குத் தெரியுமா?

இதில் இரண்டு ஆய்வுகளை அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். மேயர், மோரன் இருவரும் 2007இல் உயர்தர வட்டின் ஒலியையும், அதையே சிடியின் 16 பிட், 44.1க்குள் நுழைத்து எடுத்த ஒலியையும் மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார்கள். 554 சோதனைகளில் சரியாகச் சொன்னது 276. நாணயம் சுண்டினாலும் அதுதான் வரும். 2016இல் லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரீஸ் 18 ஆய்வுகளைத் தொகுத்து, 12,500க்கும் மேற்பட்ட சோதனைகளில் 52.3 சதவீதம் சரி என்று கண்டார். பயிற்சி பெற்ற காதுகளில் அது இன்னும் கூடியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வித்தியாசம் இருந்தாலும் கூடத்து மின்விசிறிச் சத்தத்தில் அது கரைந்துபோகும் அளவுதான். சுண்டிய நாணயத்தைவிட 2.3 சதவீதப் புள்ளி கூடுதல் என்பதற்காக எந்தப் பொருளையும் புதிதாக வாங்க வேண்டியதில்லை.

எண்ணை ஏற்றுவதைவிட எண் மாறாமல் பார்த்துக்கொள்வது உருப்படியான வேலை. விண்டோஸ் கணினியில் வழக்கமான முறையில் வாசித்தால் எல்லாப் பாட்டும் ஒலி அமைப்பில் குறித்திருக்கும் ஒரே எண்ணுக்கு மாற்றப்படும், 44.1 பாட்டு 48 ஆகும். ஆண்ட்ராய்டு போன்களும் நெடுங்காலம் இப்படியே. 2023இல் வந்த ஆண்ட்ராய்டு 14தான் யூஎஸ்பி வழியே மாற்றமில்லாமல் அனுப்ப முறைப்படி வழி திறந்தது. 2021இல் ஆப்பிள் மியூசிக் சேதமில்லாத ஒலியைக் கொடுத்தது. மேக்கில் எண்களை ஒலியாக்கும் வெளிப்பெட்டியை, அதாவது டேக்கை, வைத்துக் கேட்பவர் 'ஆடியோ மிடி செட்டப்' என்ற செயலியைத் திறந்து எண்ணைக் கையால் மாற்றாவிட்டால் அதுவும் மாற்றப்பட்ட ஒலிதான். இன்றைய மாற்றிகள் நல்லவை, காது கண்டுபிடிப்பது கடினம். ஆனாலும் கட்டணம் கட்டி வாங்கியதை வழியில் உருமாற்றுவானேன்?

எண்களைவிட இரவு பத்து மணிக்கு உண்மையில் உதவுவது வேறொரு வரி. பெயர் பிளேயருக்குப் பிளேயர் மாறும்: டிஆர்சி, டைனமிக், நைட் மோட். பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது. வசனத்துக்காக வால்யூமை ஏற்றினால் அடுத்த நொடி கார் வெடிக்கிறது. ரிமோட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு படம் பார்க்க வேண்டியிருக்கிறது. டால்பி மூட்டைக்குள்ளேயே 'மெல்லிய இடத்தில் இவ்வளவு தூக்கு, உரத்த இடத்தில் இவ்வளவு அமுக்கு' என்ற குறிப்பு கூடவே வருகிறது. டிஆர்சியை முழுதாக வைத்தால் பிரிப்பவர் அதன்படி நடப்பார். பிட்ஸ்ட்ரீம் அனுப்பும்போது பிளேயரின் டிஆர்சியைத் திருகிப் பயனில்லை. மூட்டையைப் பிரிப்பது ரிசீவர், ஆகவே ரிசீவரின் நைட் மோடைத்தான் தேட வேண்டும். பலர் தவறான பெட்டியில் சரியான வரியைத் திருகிக்கொண்டிருக்கிறார்கள்.

அதே மூட்டையில் 'டயல்நார்ம்' என்று இன்னொரு குறிப்பு உண்டு. வசனத்தின் சராசரி உரப்பு எவ்வளவு என்று -1 முதல் -31 வரை எழுதியிருக்கும். பிரிக்கும் கருவி எல்லாப் படத்தையும் -31க்கு இறக்கும். -27 என்று எழுதிய படம் 4 டெசிபல் குறைந்தே ஒலிக்கும். டிடிஎஸ் தடங்களில் இப்படிக் குறைப்பது அரிது. ஒரே டிவிடியில் டால்பிக்கும் டிடிஎஸ்ஸுக்கும் மாற்றிப் பார்த்து 'டிடிஎஸ்தான் கம்பீரம்' என்று தீர்ப்பு எழுதிய இரண்டு தலைமுறை ரசிகர்களில் பலர் உண்மையில் கேட்டது அந்த 4 டெசிபலைத்தான். சத்தம் கூடினால் தரம் கூடியதாகக் காது நினைத்துக்கொள்ளும். கச்சேரி மைக் செட்காரர்களுக்கு இது தெரிந்த ரகசியம்.

கடைசியாக உதடும் ஒலியும். டிவி படத்தை மெருகேற்ற எடுத்துக்கொள்ளும் நேரத்தில் ஒலி முந்திக்கொள்கிறது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி ஒலி 45 மில்லிநொடி முந்தினாலே மனிதர் கண்டுபிடிப்பார். பிந்தினால் 125 வரை கவனிக்க மாட்டார். மின்னலுக்குப் பின்னால்தான் இடி என்று பழகிய மூளை பிந்துவதை மன்னிக்கிறது. எச்டிஎம்ஐ 1.3இல் தானாகச் சரிசெய்யும் வசதி சேர்ந்தது. இல்லாவிட்டாலும் ரிசீவரிலும் பாரிலும் 'ஆடியோ டிலே' என்ற ஸ்லைடர் உண்டு. செய்தி வாசிப்பவரின் 'ப', 'ம' எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே பத்துப் பத்து மில்லிநொடியாக நகர்த்தினால் ஐந்து நிமிடத்தில் பிடிபடும். அந்த இரண்டு எழுத்துக்கும் உதடு கட்டாயம் மூட வேண்டும்.

ஆனால் அந்த ஸ்லைடரால் ஒலியைத் தாமதப்படுத்தத்தான் முடியும், முன்னே இழுக்க முடியாது. வயர் தொல்லை வேண்டாமென்று டிவியோடு ப்ளூடூத் ஸ்பீக்கரைச் சேர்த்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். ப்ளூடூத்தில் ஒலியை மறுபடி சுருக்கி, அனுப்பி, பிரித்து முடிப்பதற்குள் நொடியில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு போய்விடும். படத்தையும் அதே அளவு தாமதப்படுத்தத் தெரிந்த டிவியாக இருந்தால் பிழைத்தார்கள். இல்லாதவர்கள் பரணில் கிடந்த கறுப்பு ஆப்டிக்கல் வயரைத் தேடி எடுத்து, தூசி தட்டி, முனையிலிருக்கும் தொப்பியை நினைவாகக் கழற்றிவிட்டுச் செருகுகிறார்கள்.